“எந்தப் பட்டன்னு சொல்ல மாட்டேங்குதே?”: எல்லோரும் பயன்படுத்தக்கூடிய வலைத்தளம், ஆப் செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

மீனாட்சிபுரம் பக்கம் ஒரு தென்னை நாற்றுப் பண்ணைக்கு வலைத்தளம் செய்து கொடுத்தேன். பொள்ளாச்சி, ஆனைமலை ஆட்களும் வாங்குவார்கள், சித்தூர், கொல்லங்கோடு ஆட்களும் வாங்குவார்கள் என்பதால் தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றும் போட்டோம். இளங்குருத்துப் பச்சையில் பட்டன்கள், பெரிய பெரிய தோப்புப் படங்கள். பண்ணைக்காரருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பேசிய காசை அன்றே கொடுத்துவிட்டார்.

கோவிந்தாபுரத்தில் இருக்கும் என் பெரியப்பாவுக்குப் பத்து வருடமாகக் கண் தெரியாது. குளுக்கோமா. ஆனால் தோப்புக் கணக்கு, பேங்க், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் ஆண்ட்ராய்டு போனில், திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் டாக்பேக் வைத்து அவரே பார்த்துக்கொள்வார். வேர்வாடல் நோயில் போன மரங்களுக்குப் பதிலாக ஐம்பது தென்னம்பிள்ளை வைக்க நினைத்து என் தளத்தைத் திறந்தார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். போன் பேசியது: “பட்டன். பட்டன். பட்டன்.”

“ஏங்கண்ணு, பட்டன்னு சொல்லுது, சரி. எந்தப் பட்டன்னு சொல்ல மாட்டேங்குதே?”

அதற்கப்புறம் மூன்று வாரம் அந்தத் தளத்தைப் பிரித்துப் போட்டுத் திருப்பிச் சேர்த்தேன். அதில் கற்றதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன். நீங்கள் கோடு எழுதுபவராக இருந்தாலும் சரி, எழுதச் சொல்லிக் காசு கொடுப்பவராக இருந்தாலும் சரி, ஒவ்வொன்றாகச் செய்து பார்க்கலாம்.

தொடங்கும் முன் இரண்டு விஷயம்

இது கண் தெரியாதவர்களுக்கு மட்டுமான வேலை என்று நினைக்க வேண்டாம். பார்வை மங்கியவர்கள், சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாதவர்கள், காது கேளாதவர்கள், கை நடுங்குபவர்கள், நீள வாக்கியத்தைப் படிக்கச் சிரமப்படுபவர்கள் என எல்லோரும் இதில் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். சட்டத்தில் அதுவரை 7 வகையாக இருந்த குறைபாடுகளை 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகையாக்கியது. அப்படியானால் இன்றைய எண்ணிக்கை அதைவிடக் கூடத்தான் இருக்கும்.

இரண்டாவது, அளவுகோல். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு வெளியிடும் ‘டபிள்யூசிஏஜி’ (WCAG) விதிகளைத்தான் உலகம் முழுக்கப் பின்பற்றுகிறார்கள். 2023 அக்டோபரில் வந்த 2.2 பதிப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஏ, டபுள் ஏ, ட்ரிபிள் ஏ என்று மூன்று படி உண்டு. டபுள் ஏ-வுக்குக் குறி வைத்தால் போதும். ட்ரிபிள் ஏ முழுவதையும் எட்டுவது பெரும்பாலான தளங்களுக்கு ஆகாத காரியம். விதிகளை மனப்பாடம் செய்ய உட்கார வேண்டாம். கீழே வரும் படி 1-ஐச் செய்யுங்கள், விதி எதற்கு இருக்கிறது என்று தானே புரியும்.

படி 1: திரையில் துண்டைப் போட்டு மூடுங்கள்

ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ் போய் அக்செசிபிலிட்டியில் டாக்பேக்கைத் தேடுங்கள். ஆன் செய்யும் முன், இரண்டு வால்யூம் பட்டனையும் சேர்த்துச் சில விநாடி அழுத்தினால் அது ஆன், ஆஃப் ஆகும்படி குறுக்குவழியை வைத்துக்கொள்ளுங்கள். நான் அதைச் செய்யாமல் பேக்கரியில் உட்கார்ந்து ஆன் செய்துவிட்டேன். வழக்கம்போல் ஒருமுறை தட்டினால் ஒன்றும் நடக்காது. அணைக்கத் தெரியாமல் முழிக்கையில், என் வாட்ஸ்அப் குரூப் பெயர்களை எல்லாம் போன் சத்தமாகக் கடைக்கே வாசித்துக் காட்டியது.

பழக வேண்டிய சைகை இரண்டுதான். விரலை வலப்பக்கம் தள்ளினால் அடுத்த உறுப்புக்குப் போகும். இரண்டு முறை தட்டினால் அது இயங்கும். ஐபோனில் இதன் பெயர் வாய்ஸ்ஓவர். விண்டோஸ் கம்ப்யூட்டருக்கு என்விடிஏ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கர்ரன், ஜேம்ஸ் டே என்ற பார்வையற்ற நண்பர்கள் இருவர் 2006-இல் தொடங்கியது அது. என்விடிஏ ஓடும்போது ‘ஹெச்’ விசை தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவும், ‘பி’ (B) பட்டன்களுக்கு, ‘கே’ இணைப்புகளுக்கு, ‘எஃப்’ படிவக் கட்டங்களுக்கு.

இப்போது திரையை ஒரு துண்டால் மூடிவிட்டு, உங்கள் தளத்தில் ஒரே ஒரு வேலையை முடியுங்கள். ஒரு பொருளை ஆர்டர் செய்யுங்கள், அல்லது ஒரு விண்ணப்பத்தை அனுப்புங்கள். எங்கே நின்றீர்களோ அதைத் தாளில் குறித்துக்கொண்டே போங்கள். நான் எழுதிய தளத்தில் நானே ஏழாவது நிமிடத்தில் துண்டைத் தூக்கிவிட்டேன். அந்தத் தாள்தான் இனி உங்கள் வேலைப் பட்டியல்.

படி 2: எந்த மொழி என்று பக்கத்துக்குச் சொல்லுங்கள்

வெளிநாட்டு வழிகாட்டிகள் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். எல்லையில் இருக்கும் நமக்கு அது போதாது.

வலைப்பக்கத்தை எழுதும் ஹெச்டிஎம்எல்லில், முதல் டேகிலேயே (குறியிலேயே) ‘லாங்’ (lang) என்று ஒரு இடம் இருக்கிறது. தமிழுக்கு ‘டிஏ’ (ta), மலையாளத்துக்கு ‘எம்எல்’ (ml), தெலுங்குக்கு ‘டிஇ’ (te), ஆங்கிலத்துக்கு ‘இஎன்’ (en). எந்தக் குரலில் வாசிக்க வேண்டும் என்று திரைவாசிப்பான் (டாக்பேக், என்விடிஏ போன்றவை) இதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. நான் எடுத்த டெம்ப்ளேட்டில் ‘இஎன்’ என்று இருந்தது, மாற்ற மறந்துவிட்டேன். கம்ப்யூட்டரில் கேட்டபோது ஆங்கிலக் குரல் தமிழ் எழுத்தை எல்லாம் தாண்டிக் குதித்து விலையை மட்டும் சொல்லிக்கொண்டே போனது. என்ன விலை, எதற்கு விலை, ஒன்றும் கிடையாது. இரண்டெழுத்தை மாற்றினேன், பக்கம் முழுக்கத் தமிழில் பேசியது. இந்த முழு வேலையிலும் இவ்வளவு குறைந்த உழைப்பில் இவ்வளவு பலன் வேறெங்கும் கிடைக்கவில்லை.

அத்தோடு முடியவில்லை. தமிழ்ப் பக்கத்துக்குள் மலையாளத்தில் ஒரு வரி வந்தால் அந்த வரிக்கு மட்டும் தனியாக ‘எம்எல்’ குறி போட வேண்டும். பக்கத்தின் மொழி ஏ படியில் இருக்கும் விதி, உள்ளே வரும் துண்டுகளின் மொழி டபுள் ஏ படியில் இருக்கும் விதி. மொழி மாற்றும் மெனுவில் ‘மலையாளம்’ என்ற சொல்லை மலையாள எழுத்திலேயே எழுதி, அதற்குரிய குறியையும் போடுங்கள். தமிழ் படிக்கத் தெரியாதவர்தானே அந்த மெனுவைத் தேடுவார்? நகரி, புத்தூர் பக்கம் தமிழும் தெலுங்குமாகத் தளம் செய்பவர்களுக்கும் இதே கதைதான். குறி மட்டும் மாறும்.

அப்புறம் எழுத்துரு. டிடிபி கடையில் பாமினியிலோ வானவில்லிலோ அடித்துக் கொடுத்ததை அப்படியே ஏற்றுவது இன்னும் நடக்கிறது. அந்த எழுத்துருக்களில் கண்ணுக்குத் தமிழ் தெரியும், அடியில் இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். திரைவாசிப்பான் அடியில் இருப்பதை வாசிக்கும். பண்ணைக்காரர் கொடுத்த ‘நடும் முறை’ பிடிஎஃப் அப்படிப்பட்டது. பெரியப்பா அரை நிமிடம் கேட்டுவிட்டு, “இது யாரையோ வையற மாதிரி இருக்குது” என்றார். யூனிகோடுக்கு மாற்றித் தனிப் பக்கமாகவே போட்டுவிட்டேன். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவதும் இதே ரகம்தான். ஆங்கிலக் குரலின் வாயில் ‘தென்னம்பிள்ளை’ படும் பாட்டை ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

படி 3: தலைப்பு தலைப்பாக இருக்கட்டும்

எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கினால் கண்ணுக்குத் தலைப்பு, கருவிக்கு வெறும் வாக்கியம். உண்மையான தலைப்பு டேகுகளைப் போடுங்கள், வரிசை குலையாமல்: பக்கத்துக்கு ஒரு முதல்நிலை, அதன் கீழ் இரண்டாம் நிலை. கண் தெரிந்தவர் பக்கத்தை மேலோட்டமாக ஓட்டிப் பார்ப்பதுபோல் அவர்கள் ‘ஹெச்’ விசையில் தாவித் தாவிப் பார்க்கிறார்கள். மெனு, முக்கியப் பகுதி, அடிப்பகுதி ஆகியவற்றுக்கும் ஹெச்டிஎம்எல்லில் தனித்தனி டேகுகள் உண்டு. எல்லாவற்றையும் ‘டிவ்’ (div) என்ற பொதுப் பெட்டியாகவே எழுதித் தள்ள வேண்டியதில்லை.

படி 4: படத்தைச் சொல்லில் சொல்லுங்கள்

ஒவ்வொரு படத்துக்கும் ‘ஆல்ட்’ (alt) என்ற மாற்று உரை உண்டு. அதை எழுதாமல் விட்டால் சில கருவிகள் கோப்பின் பெயரை வாசிக்கும்: ஐஎம்ஜி, அடிக்கோடு, பிறகு பதினாலு எண்கள்.

சாவக்காட்டு ஆரஞ்சுக் குட்டை ரகத்தின் படத்துக்கு முதலில் நான் ‘தென்னை’ என்று எழுதியிருந்தேன். பண்ணையில் எல்லாப் படமும் தென்னைதான். திருத்தியது இப்படி: ‘பையில் வளர்த்த சாவக்காட்டு ஆரஞ்சுக் குட்டைப் பிள்ளை, முழங்கால் உயரம், ஐந்து ஓலை, ஓலைக்காம்பு ஆரஞ்சு நிறம்.’ வாங்க வருபவர் அந்தப் படத்தில் எதைப் பார்ப்பாரோ அதைச் சொல்ல வேண்டும். அழகுக்கு வைத்த கரைக்கோலம், பின்னணித் தோப்பு இவற்றுக்கு ஆல்ட்டைக் காலியாக விடுங்கள். காலியாக விடுவது வேறு, எழுதாமலே விடுவது வேறு. காலியாக இருந்தால் கருவி பேசாமல் தாண்டிப் போகும்.

விலைப் பட்டியலைப் படமாக்கி வாட்ஸ்அப்பில் போடும் பழக்கம் எல்லோருக்கும் இருக்கிறது. அதைத் தளத்தில் அட்டவணையாக, எழுத்தாகவே போடுங்கள்.

படி 5: பட்டனும் படிவமும்

பெரியப்பா சிக்கிய இடம் இது. மூன்று பட்டனிலும் படக்குறி மட்டும் இருந்தது: கூடை, பூதக்கண்ணாடி, மூன்று கோடு. பெயர் ஒன்றுக்கும் இல்லை. ‘கூடை, 2 பொருள்’, ‘தேடு’, ‘மெனு’ என்று பெயர் கொடுத்தேன். கண்ணுக்குக் குறியாகவே இருக்கட்டும் என்றால், திரைவாசிப்பானுக்கு மட்டும் பெயர் சொல்லும் ‘ஏரியா லேபிள்’ (aria-label) போடலாம். ஆனால் எழுத்தாகவே போட்டால் வயதானவர்களுக்கும் உதவும். ‘டிவ்’வைப் பட்டன்போல் அலங்கரித்து வைக்காதீர்கள். உண்மையான பட்டன் டேகைப் போட்டால் கீபோர்டு, குரல், பெயர் எல்லாம் பாதி இலவசமாக வந்துவிடும்.

படிவத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் வெளியே ஒரு லேபிள் வேண்டும். கட்டத்துக்குள் மங்கலாகத் தெரியும் ‘உங்கள் பெயர்’ லேபிள் ஆகாது. தட்டத் தொடங்கியதும் மறைந்துவிடும், பாதியில் நிறுத்தியவர் எதை எழுதினோம் என்று திணறுவார். பிழை வந்தால் கட்டத்தைச் சிவப்பாக்கி நிறுத்தாதீர்கள். ‘பின்கோடில் 6 எண்கள் வேண்டும், 5 இருக்கிறது’ என்று கட்டத்தின் அருகில் எழுதி, அந்த வரியைக் கட்டத்தோடு கோடிலும் இணையுங்கள். ஓடிபி கட்டத்தில் பேஸ்ட் செய்வதைத் தடுக்காதீர்கள். நேர வரம்பு இருந்தால் நீட்டிக்கொள்ள வழி கொடுங்கள். படத்தில் கோணல் எழுத்தைப் பார்த்து எழுதச் சொல்லும் கேப்சாவைத் தூக்கி எறியுங்கள்.

இன்னொன்று, எனக்குக் காசு நட்டம் வைத்தது. ‘ஆர்டர் செய்’ அழுத்தியதும் பக்கத்தின் மேலே ‘ஆர்டர் ஏற்கப்பட்டது’ என்று ஒரு பட்டை வரும், மூன்று விநாடியில் போய்விடும். கண்ணுக்கு அது போதும். பெரியப்பாவின் போன் ஒன்றும் சொல்லவில்லை. ஆகவில்லை போலிருக்கிறது என்று மறுபடி அழுத்தினார். அப்புறம் இன்னொரு தடவை. மறுநாள் டெம்போவில் 150 தென்னம்பிள்ளை வந்து இறங்கியது. மிஞ்சிய நூறையும் திருப்பி ஏற்றி அனுப்பிய வண்டி வாடகை என்னுடையது. பக்கம் புதிதாகத் திறக்காமல் உள்ளே ஏதாவது மாறினால், அந்த இடத்துக்கு ‘ஏரியா லைவ்’ (aria-live) என்ற குறியைப் ‘பொலைட்’ (polite) என்ற மதிப்போடு போடுங்கள். பேசிக்கொண்டிருப்பதை முடித்துவிட்டு மாற்றத்தைக் கருவி வாசிக்கும். கூடையில் எண்ணிக்கை கூடினாலும் இதே வழிதான். ஒரு தடவை அழுத்திய பட்டனை, பதில் வரும்வரை மறு ஆர்டர் போகாதபடி கட்டி வைப்பதும் புத்திசாலித்தனம்.

படி 6: மவுஸைக் கழற்றி வையுங்கள்

கை நடுங்குபவர்கள், மவுஸ் பிடிக்க முடியாதவர்கள் பலர் கீபோர்டில்தான் வேலை செய்கிறார்கள். டேப், ஷிப்ட் டேப், என்டர், ஸ்பேஸ், எஸ்கேப் இவ்வளவோடு தளம் முழுவதையும் சுற்றி வாருங்கள். இப்போது எந்த இடத்தில் இருக்கிறோம் என்று காட்டும் வளையம் தெரிய வேண்டும். ‘அசிங்கமாக இருக்கிறது’ என்று டிசைனர்கள் முதலில் அழிப்பது அதைத்தான், விடாதீர்கள். திடீரென்று திறக்கும் பெட்டி எஸ்கேப்பில் மூட வேண்டும், மூடியதும் முன்பிருந்த இடத்துக்கே திரும்ப வேண்டும்.

தொடும் இடத்தின் அளவுக்கு 2.2 பதிப்பின் டபுள் ஏ விதி குறைந்தது 24க்கு 24 சிஎஸ்எஸ் பிக்சல் கேட்கிறது. ஆண்ட்ராய்டு 48 டிபி, ஆப்பிள் 44 பாயின்ட் பரிந்துரைக்கின்றன. போனுக்கு அந்தப் பெரிய அளவையே வையுங்கள்.

படி 7: நிறமும் எழுத்தளவும்

எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5க்கு 1 என்ற வெளிச்ச வேறுபாடு (கான்ட்ராஸ்ட்) வேண்டும், பெரிய எழுத்துக்கு 3க்கு 1 போதும். வெள்ளைப் பின்னணியில் 767676 என்ற நிற எண் கொண்ட சாம்பல் மயிரிழையில் தேறும். டிசைனர்களுக்குப் பிடித்த 999999 தேறாது. என்னுடைய இளங்குருத்துப் பச்சையும் தேறவில்லை, முற்றிய ஓலைப் பச்சைக்கு மாற வேண்டியிருந்தது. மத்தியான வெயிலில் தோப்பில் நின்று போனைப் பார்ப்பவர்கள் எல்லோருக்கும் இதில் லாபம்.

இருப்பு இருந்தால் பச்சைப் புள்ளி, இல்லாவிட்டால் சிவப்புப் புள்ளி என்று வைத்திருந்தேன். இரண்டும் ஒன்றுபோல் தெரிபவர்கள் இருக்கிறார்கள். புள்ளி இருக்கட்டும், பக்கத்தில் ‘இருப்பு உண்டு’, ‘இருப்பு இல்லை’ என்று எழுத்திலும் இருக்க வேண்டும்.

எழுத்தை 200 சதவீதம் பெரிதாக்கினாலும் ஒன்றும் வெட்டுப்படக் கூடாது. தமிழில் இதைக் கட்டாயம் சோதியுங்கள். ஆங்கிலத்தில் ‘பை’ என்று மூன்றெழுத்தில் முடியும் பட்டன் தமிழில் ‘வாங்குங்கள்’ ஆகிறது. உயரத்தையும் அகலத்தையும் பிக்சலில் கட்டிப்போட்ட பட்டனில் பின்பாதி காணாமல் போகும், மேல்கொக்கியும் கீழ்க்கொம்பும் நறுக்கப்படும். வரி இடைவெளி 1.5 மடங்குக்குக் குறையாமல் வையுங்கள்.

படி 8: காது கேளாதவர்களுக்கு

நடும் முறை வீடியோவுக்குத் தமிழில் வசன வரி போட்டேன். தானாக வரும் வசன வரியை நம்பி விடாமல் ஒரு தடவை உட்கார்ந்து திருத்துங்கள், ‘குழி’ என்பது ‘கோழி’ ஆகியிருக்கும். அதைவிட எளிதில் கண்ணில் படாத தடை ஒன்று இருக்கிறது: ‘விவரங்களுக்கு அழைக்கவும்’. பேசிக் கேட்க முடியாதவர் எப்படி அழைப்பார்? எண்ணுக்குப் பக்கத்தில் ‘மெசேஜ் அனுப்பலாம்’ என்று சேர்த்து, வரும் மெசேஜுக்குப் பதிலும் சொல்லுங்கள்.

படி 9: ஆப் செய்பவர்களுக்கு

மேலே சொன்னது எல்லாம் ஆப்புக்கும் பொருந்தும், பெயர்கள்தான் வேறு. ஆண்ட்ராய்டில் படக்குறிக்குப் பெயர் தர ‘கன்டென்ட் டிஸ்கிரிப்ஷன்’, ஐபோனிலும் ரியாக்ட் நேட்டிவிலும் ‘அக்செசிபிலிட்டி லேபிள்’, ஃப்ளட்டரில் ‘செமான்டிக்ஸ்’ விட்ஜெட். ஆண்ட்ராய்டில் எழுத்தளவை ‘எஸ்பி’யில் கொடுங்கள், அப்போதுதான் பயனர் செட்டிங்ஸில் பெரிதாக்கியது உங்கள் ஆப்பிலும் எடுபடும். தமிழ் வரிக்குள் மலையாளச் சொல் வந்தால் அதன் மொழியைக் குறிக்க ‘லோகேல் ஸ்பான்’ உண்டு. இழுத்து நீக்குவது, இழுத்து வரிசை மாற்றுவது போன்றவற்றுக்கு மாற்றாக ஒரு பட்டனும் வையுங்கள்.

படி 10: சோதனை

லைட்ஹவுஸ், ஆக்ஸ், வேவ் என்ற சோதனைக் கருவிகள் மூன்றும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆண்ட்ராய்டு ஆப்புக்கு கூகுளின் அக்செசிபிலிட்டி ஸ்கேனர். ஓட்டுங்கள், சிவப்பாகக் காட்டுவதைச் சரி செய்யுங்கள். ஆனால் லைட்ஹவுஸில் 100 வாங்கியும் தளம் பயன்படாமல் இருக்கலாம். ஆல்ட் இருக்கிறதா என்று கருவி பார்க்கும், அதில் ‘படம்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அதற்கும் மதிப்பெண் கொடுத்துவிடும்.

ஒரு வரி கோடு ஒட்டினால் தளம் தானே சரியாகிவிடும் என்று விற்கிறார்களே, அதை வாங்காதீர்கள். அப்படி விளம்பரம் செய்த ஒரு நிறுவனத்தின் மீது அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2025-இல் 10 லட்சம் டாலர் கட்டும்படி உத்தரவிட்டது.

கடைசிச் சோதனையை உண்மையான பயனர்களிடம் விடுங்கள், அவர்கள் நேரத்துக்குக் காசும் கொடுங்கள். ஒருவர் போதாது. பெரியப்பா டாக்பேக்கில் கைதேர்ந்தவர், அவர் சுலபமாகத் தாண்டிய இடத்தில் புதிதாகப் பழகும் ஒருவர் நின்றுவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டு பாருங்கள். ‘இல்லைங்க, அந்தப் பக்கம்’ என்று வாய் துறுதுறுக்கும் இடம் எல்லாம் திருத்த வேண்டிய இடம்.

சட்டம் என்ன சொல்கிறது?

வாடிக்கையாளர் ‘இதெல்லாம் கட்டாயமா?’ என்று கேட்பார். 2016 சட்டம் அரசோடு நிறுத்திக்கொள்ளவில்லை, சேவை தரும் தனியாரையும் சேர்த்துத்தான் பேசுகிறது. ஐஎஸ் 17802 என்று இந்தியத் தர நிர்ணயமே தனியாக உண்டு, அரசுத் தளங்களுக்கு ஜிஐஜிடபிள்யூ வழிகாட்டுதல் உண்டு. 2025 ஏப்ரல் 30-இல் உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் வாழும் உரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. கேமரா முன் கண் சிமிட்டினால்தான் கேஒய்சி முடியும் என்ற முறையால் தடைபட்டவர்கள் போட்ட வழக்கு அது.

படி 11: குறை சொல்ல ஒரு இடம்

பக்கத்தின் அடியில் ‘இந்தத் தளத்தில் ஏதாவது தடுக்கினால் சொல்லுங்கள்’ என்று ஒரு இணைப்பு, மூன்று மொழியிலும். வரும் தகவலை யார் பார்ப்பது என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். பண்ணையில் நான்தான் பார்க்கிறேன்.

முதல் தகவல் சித்தூரிலிருந்து வந்தது, திரைவாசிப்பானில் மலையாளப் பக்கத்தைக் கேட்ட ஒருவரிடமிருந்து. பட்டன், படிவம் எல்லாம் சரியாகப் பேசுகிறதாம். மலையாளத்தில் நான் ‘தெங்கின் கன்னு’ என்று எழுதி வைத்திருந்தேன். வாழைக்குத்தான் கன்னு, தெங்குக்குத் தை என்று சொல்லி, ‘தை’ எத்தனை எழுத்து என்பதையும் சேர்த்து எழுதியிருந்தார்.